உல்லாசக் கப்பல் விடுமுறை: எடை கூடாமல் சென்று திரும்ப

புக்கிட் மெர்தாஜாமில் இருப்பவர்களுக்குக் கப்பல் பயணம் இப்போது எட்டாத ஒன்றல்ல. ரயிலில் பட்டர்வொர்த் வரை போய், பெர்ரி ஏறித் தீவில் இறங்கிச் சற்று நடந்தால் ஜார்ஜ்டவுன் சுவெட்டன்ஹாம் கப்பல் முனையம். அங்கிருந்து மூன்று இரவு, நான்கு இரவு என்று பூகெட், லங்காவி, சிங்கப்பூர் பக்கம் போய்வரும் பயணங்கள் உண்டு. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் பெற்றோரை அனுப்பி வைக்கிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் நண்பர்களோடு சேர்ந்து போகிறார்கள். பள்ளி விடுமுறையில் மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கிளம்பும் குடும்பங்களும் இருக்கின்றன.

நம் முன்னோர் இதே பினாங்குத் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' போன்ற கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல ஆண்டுகள் ஓடின. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு அவர்கள் கரை சேர்ந்தார்கள். இன்று நாம் ஏறும் கப்பலில் காலை முதல் நள்ளிரவு வரை உணவு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். ஆகவே சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இந்தக் கையேடு உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. புறப்படும் முன்பும் கப்பலிலும் வீடு திரும்பிய பின்பும் என்னென்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறது.

நாம் ஏன் கவனமாக இருக்க வேண்டும்?

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் நாட்டிலுள்ள பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2023 ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் என்று சொல்லலாம். இந்தியச் சமூகத்தில் உடல் பருமனும் நீரிழிவும் மற்ற பெரிய இனத்தவரைவிட அதிகம் என்பதை 2019 ஆய்வு காட்டியது.

நம் உடல்வாகும் இதில் ஒரு காரணம். ஆசியர்களுக்கு, குறிப்பாகத் தெற்காசியர்களுக்கு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு அதிகம். பார்ப்பதற்கு ஒல்லியாக இருப்பவருக்கும் இடுப்பளவு கூடியிருக்கலாம். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். தொப்புள் மட்டத்தை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், தையல் நாடாவால் இப்போதே அளந்து குறித்து வையுங்கள். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

விடுமுறையில் உண்மையில் எவ்வளவு எடை கூடுகிறது?

"மூன்றே நாள் போய் வந்தேன், இரண்டு கிலோ ஏறிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். எடை பார்க்கும் கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் அந்த இரண்டு கிலோ முழுவதும் கொழுப்பு அல்ல.

ஒரு கிலோ உடல் கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிகுதியாக உள்ளே போக வேண்டும். மூன்று நாளும் தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி சாப்பிட்டாலும் மொத்தம் 3,000 கலோரிதான். அது சுமார் 400 கிராம் கொழுப்பு. மீதி பெரும்பாலும் தண்ணீர். கப்பல் உணவில் உப்பு கூடுதலாக இருக்கும்போது உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. சோறு, ரொட்டி, இனிப்பு அதிகமாகும்போது தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேமிப்பு கூடுகிறது. அந்தச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே வைத்துக்கொள்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் சில நாளில் இந்த நீர் வெளியேறிவிடும்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா? உண்டு. அந்த 400 கிராம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறை போன 122 பெரியவர்களை எடை பார்த்தார்கள். சராசரியாகக் கூடிய எடை சுமார் 0.3 கிலோ மட்டுமே. ஆனால் விடுமுறை முடிந்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோதும் கூடிய எடை இறங்கியிருக்கவில்லை. அவர்கள் விடுமுறையில் உட்கார்ந்தே இருந்தவர்களும் அல்லர். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே நடமாடியிருந்தார்கள். அப்படியும் எடை கூடியது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, நடையால் மட்டும் உணவைச் சரிக்கட்ட முடியாது. இரண்டாவது, சிறிதாகக் கூடும் எடையை யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் அது தங்கிவிடுகிறது. ஆண்டில் ஒரு கப்பல் பயணம், தீபாவளி, இரண்டு கல்யாணம், ஆண்டிறுதி விருந்து. ஒவ்வொன்றிலும் 200, 300 கிராம் தங்கினால் ஆண்டுக்கு ஒரு கிலோ. முப்பது வயதில் இருந்த உடல் ஐம்பது வயதில் இருபது கிலோ கூடியிருப்பதற்கு ஒரே நாளில் காரணம் தேட முடியாது. இப்படித்தான் அது வந்து சேர்கிறது.

பந்தியும் பஃபேயும்

நாம் வாழையிலைப் பந்தியில் சாப்பிட்டுப் பழகியவர்கள். பந்தியில் நமக்கே தெரியாமல் சில கட்டுப்பாடுகள் இருந்தன. இலையின் அளவு ஒன்றுதான். பரிமாறுபவர் வரிசைப்படிதான் வருவார். காய், பருப்பு, சாம்பார், ரசம், மோர் என்று ஒரு முறை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முடிவு இருந்தது. பாயசம் வந்தது, மோர் வந்தது, இலையை மடித்தோம், எழுந்தோம். அடுத்த பந்திக்கு ஆட்கள் காத்திருப்பார்கள்.

பஃபேயில் இவை எதுவும் இல்லை. தட்டு மாறிக்கொண்டே இருக்கும். வரிசை நம் விருப்பம். இலையை மடிக்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. மேலும், ஒரே சுவையைச் சாப்பிட்டால் நாக்குக்குச் சீக்கிரம் சலித்துவிடும், ஆனால் புதுச் சுவை வந்தால் மறுபடியும் ஆசை பிறக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இனிப்புக்கு மட்டும் இடம் இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஐம்பது வகை வைத்திருக்கும் மேசைமுன் நின்றால் ஐம்பது முறை அந்த ஆசை எழும். இது உங்கள் மன உறுதியின் குறை அல்ல. மனித உடலின் இயல்பு அது.

ஆகவே மேசையில் இல்லாத கட்டுப்பாட்டை நீங்களே கொண்டு போக வேண்டும். பந்தியின் வரிசையையும் முடிவையும் பஃபேக்குக் கொண்டு போங்கள்.

புறப்படுவதற்கு முன்

1. புறப்படும் நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இடுப்பளவையும் அதே தாளில் எழுதுங்கள்.

2. "அங்கே நிறையச் சாப்பிடப் போகிறோம்" என்று முதல் நாளே பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு ஏறுபவர் முதல் வேளையிலேயே இரு மடங்கு சாப்பிடுவார். வழக்கமான காலை உணவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

3. முன்பதிவு செய்யும்போதே உணவுத் தேவையைச் சொல்லிவிடுங்கள். இந்தியச் சைவ உணவு, உப்புக் குறைத்த உணவு, நீரிழிவு உணவு ஆகியவற்றைப் பல கப்பல்கள் முன்கூட்டிக் கேட்டால் ஏற்பாடு செய்கின்றன.

4. நடப்பதற்கு ஏற்ற, காலுக்குப் பழகிய காலணியைப் பெட்டியில் வையுங்கள். புதுக் காலணியை முதன்முதலாகக் கப்பலில் போட வேண்டாம்.

5. இடுப்பில் ரப்பர் பட்டி இல்லாத ஒரு கால்சட்டையாவது, தைத்த அளவில் ஒரு ரவிக்கையாவது எடுத்துப் போங்கள். தளர்வான உடை மட்டுமே இருந்தால் வயிறு சொல்வது காதில் விழாது.

பஃபே மேசையில்

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் கால்-கால்-அரைத் தட்டு முறையை நீங்கள் கிளினிக்கில் கேட்டிருப்பீர்கள். தட்டில் கால் பகுதி சோறு, மீ அல்லது ரொட்டி. கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌஃபு போன்ற புரத உணவு. மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். இதைக் கப்பலிலும் அப்படியே பின்பற்றலாம். செய்யும் முறை இதோ:

• முதலில் தட்டை எடுக்காமல் ஒரு சுற்று வாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் கிடைக்காத, உண்மையில் உங்களுக்குப் பிடித்த இரண்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைச் சோறும் பொரித்த கோழியும் புக்கிட் மெர்தாஜாமிலேயே கிடைக்கும்.

• தட்டை எடுத்ததும் முதலில் காய்கறியால் பாதியை நிரப்புங்கள். கடைசியாகச் சோறு வையுங்கள். வரிசை மாறினால் அளவும் மாறிவிடும்.

• கறியும் மீனும் எடுக்கும்போது துண்டை எடுங்கள், எண்ணெயும் குழம்பும் கரண்டியோடு வழிந்து வரட்டும் என்று விடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

• உணவு மேசை கண்ணில் படாத இடத்தில், கடலைப் பார்த்து உட்காருங்கள்.

• மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். முதல் தட்டு முடிந்ததும் அந்த நேரம்வரை பேசிக்கொண்டிருங்கள். அதன் பிறகும் பசித்தால் காயும் பழமும் எடுக்கலாம்.

• இனிப்பு ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு வகை. மூன்று வகை கொண்டுவந்து இருவர் மூவராகப் பகிர்ந்துகொள்வதும் நல்ல வழி.

• கடைசியில் இலையை மடியுங்கள். கைத்துடைப்பானைத் தட்டின்மேல் வைத்துவிட்டு எழுந்து நடங்கள். உட்கார்ந்தே இருந்தால் கை மறுபடியும் தட்டைத் தேடும்.

சைவ உணவு சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல். சைவம் என்பதால் எடை கூடாது என்று எண்ண வேண்டாம். கப்பலின் இந்தியப் பகுதியில் நெய்ச் சோறு, வெண்ணெய் தடவிய நான், பன்னீர் மசாலா, பொரித்த வடை ஆகியவைதான் முன்னால் நிற்கும். சாம்பார், பருப்புக் கடைசல், கொண்டைக்கடலை, தயிர், பச்சைக் காய்கறி ஆகியவற்றைத் தேடி எடுங்கள். நான் சாப்பிட விரும்பினால் அந்த வேளைக்குச் சோறு வேண்டாம்.

குடிப்பதில் மறைந்திருக்கும் கலோரி

சாப்பிட்டதை நாம் எண்ணுவோம், குடித்ததை எண்ண மாட்டோம். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் ஊற்றிய ஒரு தே தாரேக்கில், பாலிலிருந்து மட்டும் சுமார் 130 கலோரி வருகிறது. 320 மில்லி வாயுபானம் ஒரு டின்னில் 130 முதல் 140 கலோரி. அதே அளவு பியரும் ஏறக்குறைய அவ்வளவே. பழச்சாறும் சர்க்கரை பானம் போலத்தான், பழத்தின் நார்ச்சத்து அதில் இல்லை.

தேநீர், காப்பியை 'கோசோங்' என்று கேட்டு வாங்குங்கள். பழக வேண்டுமானால் முதல் நாள் 'கூராங் மானிஸ்', மறுநாள் 'கோசோங்'. கையில் தண்ணீர்ப் போத்தல் எப்போதும் இருக்கட்டும். கடற்காற்றிலும் குளிரூட்டிய அறையிலும் தாகம் தெரியாது, அதைப் பசி என்று தவறாக எடுத்துக்கொள்வோம். பயணச் சீட்டோடு பானமும் சேர்த்து வாங்கியிருந்தால் "காசு கொடுத்தாயிற்றே" என்ற எண்ணம் வரும். கொடுத்த காசு கொடுத்ததுதான். கூடுதலாகக் குடிப்பதால் அது திரும்பி வராது.

மது அருந்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதுவின் கலோரி ஒருபுறம், மது உள்ளே போன பிறகு உணவில் கட்டுப்பாடு தளர்வது மறுபுறம். அருந்தாமல் இருப்பதே நல்லது. நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெறும் வயிற்றில் மது ஆபத்து. சர்க்கரை அளவு திடீரென்று இறங்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

புக்கிட் மெர்தாஜாமில் இருந்து போகும் ஒரு தம்பதியரை எண்ணிக்கொள்வோம். கணவருக்கு 58 வயது, நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறார். மனைவிக்கு 54 வயது. முதல் நாள் இருவரும் விருப்பம்போல் சாப்பிட்டார்கள். இரவில் மனைவி சொல்கிறார்: "என்னங்க, நாளைக்கு நாலைஞ்சு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்ப்போமா?" மறுநாள் அவர்கள் ஒவ்வொருவரும் செய்த மாற்றங்கள் இவை:

• மூன்று தே தாரேக்குக்குப் பதில் மூன்று தே ஓ கோசோங்: சுமார் 390 கலோரி குறைவு.

• மதியம் ஒரு டின் வாயுபானத்துக்குப் பதில் தண்ணீர்: சுமார் 135 கலோரி குறைவு.

• இரண்டாவது கிண்ணம் சோற்றுக்குப் பதில் வேகவைத்த காய்கறி: சுமார் 150 கலோரி குறைவு.

• மதியம் சாப்பிட்ட இரண்டு கரண்டி ஐஸ்கிரீமை விட்டு, இரவில் மட்டும் ஓர் இனிப்பு: சுமார் 280 கலோரி குறைவு.

• நள்ளிரவில் ஒரு சிறு தட்டு மீ கோரேங்குக்குப் பதில் உறக்கம்: சுமார் 400 கலோரி குறைவு.

மொத்தம் ஏறக்குறைய 1,350 கலோரி. மூன்று வேளைச் சாப்பாட்டில் எதையும் அவர்கள் விடவில்லை. பிடித்த இனிப்பும் ஒன்று கிடைத்தது. இதையே மூன்று நாள் செய்தால் சுமார் 4,000 கலோரி மிச்சம். கொழுப்பாகக் கணக்கிட்டால் அது அரைக் கிலோ.

கப்பலில் நடை

நடையால் உணவைச் சரிக்கட்ட முடியாது என்று மேலே சொன்னோம். அரை மணி நேர வேக நடை பெரும்பாலோருக்கு 120 முதல் 150 கலோரியைத்தான் எரிக்கும். ஒரு ரொட்டி சானாய் மட்டும் சுமார் 300 கலோரி. ஆனாலும் நடை தேவை. சாப்பிட்ட பிறகு நடப்பது இரத்தச் சர்க்கரை அளவு ஏறுவதைக் குறைக்கும், உறக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லது.

பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கும் மேல் நீளம் கொண்டவை. வெளித்தளத்தில் ஒரு சுற்று நடந்தாலே அரைக் கிலோமீட்டருக்கும் கூடுதலாக வரும். காலையில் வெயில் ஏறுமுன் நான்கு சுற்று, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தளம் ஏறி இறங்க மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதற்குப் படியும் இறங்குவதற்கு மின்தூக்கியும் பயன்படுத்தலாம். கப்பல் ஆடும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஈரத்தளத்தில் வேகம் வேண்டாம்.

கரையில் இறங்கும் நாள் ஒரு நல்ல வாய்ப்பு. பூகெட்டிலோ லங்காவியிலோ பேருந்தில் உட்கார்ந்து சுற்றுவதோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள். கரையில் ஒரு வேளை உள்ளூர் உணவு சாப்பிட்டால், கப்பலுக்குத் திரும்பி அதே வேளைக்கு இன்னொரு முறை சாப்பிட வேண்டியதில்லை.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு

• பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். பயண நாட்களுக்கும் மேல் சில நாளுக்கு மருந்து கையில் இருக்கட்டும்.

• மருந்து, இன்சுலின், சர்க்கரை அளவிடும் கருவி ஆகிய அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியைக் கப்பலில் ஒப்படைத்தால் அது அறைக்கு வர நேரமாகும். இன்சுலினை உறைய விடவோ வெயிலில் வைக்கவோ கூடாது.

• "இன்றைக்கு நிறையச் சாப்பிடப் போகிறேன்" என்று மருந்தின் அளவை நீங்களாகவே கூட்டாதீர்கள். "மதியம் சேர்த்துச் சாப்பிடலாம்" என்று காலை உணவை விடவும் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதனால் சர்க்கரை அளவு இறங்கும்.

• நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை சர்க்கரை அளவு இறங்கியதன் அடையாளங்கள். அளவு 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் அதையே செய்துவிட்டுக் கப்பல் மருத்துவரை அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

• நீச்சல் குளத்தைச் சுற்றியோ சூடான மணலிலோ வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பாருங்கள்.

• உப்பின் அளவு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். சூப், சாஸ், ஊறுகாய், கருவாடு, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பிள்ளைகளும் தாத்தா பாட்டியும்

ஐஸ்கிரீம் இயந்திரம் நாள் முழுவதும் திறந்திருக்கும் இடத்தில் பிள்ளைகளை "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது யாருக்கும் மகிழ்ச்சி தராது. முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஒன்று, எப்போது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அந்த ஒப்பந்தம் பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். தட்டில் வைத்ததை முழுவதும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். குறைவாக எடுத்து, தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கப் பழக்குங்கள்.

முதியவர்களுக்கு எதிர்ப்பக்கக் கவலையும் உண்டு. பழக்கமில்லாத உணவு, கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டல் ஆகியவற்றால் அவர்கள் ரொட்டியும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுப் பொழுதைக் கழிப்பார்கள். முட்டை, மீன், தயிர், பருப்பு என்று ஏதேனும் ஒரு புரத உணவு ஒவ்வொரு வேளையும் அவர்கள் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு திரும்பிய பின்: முதல் 14 நாள்

இந்தக் கையேட்டில் மிக முக்கியமான பகுதி இதுதான். கப்பலில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிறிது எடை கூடலாம். அது தங்குமா, இறங்குமா என்பதை வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் முடிவு செய்கிறது.

வந்த அன்றே எடை பார்த்து மனம் நோக வேண்டாம். பெரும்பகுதி தண்ணீர் என்பதை மேலே பார்த்தோம். ஏழாம் நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். புறப்படும் முன் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கூடியிருக்கும் அந்த வித்தியாசம்தான் உண்மையான கணக்கு.

அது அரைக் கிலோவோ அதற்குக் குறைவோ என்றால் தனி டயட் எதுவும் தேவையில்லை. இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள், இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள், வெளியில் வாங்கிச் சாப்பிடும் நாசி கண்டாரையும் மீ கோரேங்கையும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். செரோக் தோகுன் மலையடிவாரமும் மெங்குவாங் அணைக்கட்டுப் பகுதியும் நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. கப்பலில் கூடப் போனவர்களையே நடைக்கும் அழையுங்கள். படங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது.

பதினான்காம் நாள் மறுபடியும் எடையும் இடுப்பளவும் பாருங்கள். பழைய எண்ணுக்கு வந்திருந்தால் பயணம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். வரவில்லை என்றால், அல்லது இடுப்பளவு மேலே சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் சென்று சத்துணவு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குறித்து வைத்த தாளையும் கொண்டு போங்கள்.

உங்களையே சோதித்துப் பாருங்கள்

1. கப்பலில் இருந்து வந்த அன்று இரண்டு கிலோ கூடியிருக்கிறது. அத்தனையும் கொழுப்பா?
விடை: இல்லை. உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர் அதில் பெரும்பங்கு. ஏழாம் நாள் பார்க்கும் எடையே கணக்கு.

2. பஃபேயில் தட்டில் முதலில் வைக்க வேண்டியது எது?
விடை: காய்கறி, அரைத் தட்டு.

3. மூன்று தே தாரேக்கை விட்டால் எவ்வளவு கலோரி குறையும்?
விடை: சுமார் 390.

4. நிறைய நடந்தால் விருப்பம்போல் சாப்பிடலாமா?
விடை: முடியாது. அரை மணி நேர நடை ஒரு ரொட்டி சானாயில் பாதியைத்தான் ஈடுகட்டும்.

5. நீரிழிவு உள்ளவர் விருந்துக்காகக் காலை உணவை விடலாமா?
விடை: கூடாது. சர்க்கரை அளவு இறங்கும் ஆபத்து உண்டு.

நினைவில் கொள்ளுங்கள்

புறப்படும் முன் ஓர் எண்ணைக் குறித்து வையுங்கள். கப்பலில் ஒரு சுற்றுப் பார்த்து, ஒரு தட்டு எடுத்து, ஒரு இனிப்போடு இலையை மடியுங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் அந்தப் பழைய எண்ணுக்கு வந்து சேருங்கள். கடலையும் பேரப் பிள்ளைகளையும் அடுத்த ஆண்டும் நல்ல உடல்நலத்தோடு பார்க்க இது போதும்.

உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்.